பிறந்த பிள்ளைக்குக் கை கால் நீலமாக இருந்தால் பயப்பட வேண்டுமா?

தென்காசியில் சாரல் நேரத்தில் பிறந்த பிள்ளை, மறுநாளும் உள்ளங்கையும் பாதமும் நீலம், எடையும் குறைகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நாக்கும் உதடும் சிவந்திருந்தால் முதல் 2 நாள் இது இயல்புதான். வயிற்றில் இருக்கையில் நுரையீரல் முழுக்கத் திரவம். முதல் அழுகையோடு காற்று புகும், திரவம் உறிஞ்சப்படும். அதுவரை ரத்தத்தை நுரையீரலுக்குள் விடாமல் திருப்பிவிட்ட ரத்தக்குழாய் 1 முதல் 3 நாளில் சுருங்கி மூடும். இதெல்லாம் நிலைப்படும்வரை விரல்நுனிகளுக்கு ரத்த வரத்து குறைவு.

குளிர்தான் உண்மையான எதிரி. பச்சைப்பிள்ளை நடுங்கிச் சூடேற்றாது. தோள்பட்டைகளுக்கு நடுவே இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரிக்கும், அதில் ரத்தச் சர்க்கரையும் இறங்கும். வயிறு கதகதப்பு, பாதம் சில்லென்று இருந்தால் குளிர் தாக்கத் தொடங்கிவிட்டது. தொப்பி போட்டு, தாயின் வெறும் நெஞ்சோடு அணைத்து, மேலே போர்த்துங்கள். அக்குளில் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் இருக்கணும். பிறந்து 24 மணி நேரம் குளிப்பாட்டவே வேண்டாம்.

எடை 10 சதவீதம் வரை குறைந்து, 2 வாரத்தில் மீளும். ஆச்சி நாக்கில் தேன் தொட்டுச் சேனை வைக்க வந்தால் பக்குவமாகத் தடுத்துவிடுங்கள். தேனில், பிள்ளையின் தசைகளைத் தளரவைக்கும் பொட்டுலிசக் கிருமி இருக்கக்கூடும். முதல் நாள் இரைப்பைக்கு ஒரு தடவைக்கு 5 முதல் 7 மில்லி சீம்பாலே தாராளம்.

நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு, முனகல், நாக்கில் நீலம், முதல் நாளே தோலில் மஞ்சள்: எது வந்தாலும் உடனே 108.