மலைச்சரிவில் கட்டும் புதுத் தாமானில் 40 அடி ரோடு போதுமா? வீடு வாங்குமுன் எதைப் பார்க்க வேண்டும்?

மலேசியாவில் பத்தாங்காலி பக்கம் பழைய ரப்பர் தோட்டத்தை வெட்டி ஒரு தாமான், அதாவது வீடமைப்புப் பகுதி, வருகிறது, விளம்பரத்தில் '40 அடி ரோடு' என்று போட்டிருக்கிறார்கள், மலைக்கு அது போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இந்த உலு சிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு சிவில் அலுவலகத்தில் ரோடு, கால்வாய் பிளான் போடுகிறவன். அகலத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஏற்றத்தையும் தண்ணீரையும் பாருங்கள்.

முதலில் அந்த 40 அடி. அது தார் அகலம் இல்லை, ரோட்டுக்கு ஒதுக்கிய நிலத்தின் அகலம். இரண்டு பக்கக் கால்வாய், புல் ஓரம், விளக்குக் கம்பம் எல்லாம் அதற்குள்தான். தார் சுமார் பாதிதான் கிடைக்கும். சமதளத்தில் அகலம் கூடினால் வசதி. மலையில் கதை வேறு. இரண்டடி போனால் ஓரடி ஏறும் சரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 40 அடி அகலத்துக்கு முழுக்க மண்ணை வெட்டி, மேல் பக்கத்தை 45 பாகையில் சாய்த்து விட்டால், வெட்டின் உயரமும் 40 அடி வந்து நிற்கும். ரோட்டை 10 அடி கூட்டினால் அந்த வெட்டும் 10 அடி கூடும். அதனால் அப்படிப்பட்ட இடத்தில் தார் குறுகலாக இருந்து, ஒரு பக்கம் மட்டும் கார் நிறுத்த இடம் விட்டிருந்தால் அதைக் குறையாக நினைக்காதீர்கள். போட்டவர் யோசித்துப் போட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

அடுத்தது ஏற்றம். இங்கே நிறைய பேர் பாகையையும் விழுக்காட்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். மலைச்சரிவைப் பாகையில் சொல்வோம்: 15க்குக் கீழே முதல் வகுப்பு, 25 வரை இரண்டாவது, 35 வரை மூன்றாவது, அதற்கு மேல் நான்காவது. ரோட்டை விழுக்காட்டில் சொல்வோம், அதாவது நூறு அடி போனால் எத்தனை அடி ஏறும் என்று. 15 பாகை என்றால் கிட்டத்தட்ட 27 விழுக்காடு. அப்படி ஏறும் ரோட்டில் குடியிருப்பது பெரும்பாடு. வீட்டு ரோடு 8 விழுக்காட்டுக்குள் இருந்தால் சுகம். 10, 12 வரை சமாளிக்கலாம். 15 என்பது வேறு வழியே இல்லாத இடத்தில், சிறு தூரத்துக்கு மட்டும்.

சந்தியைக் கட்டாயம் பாருங்கள். இறக்கத்தில் வரும் ரோடு பெரிய ரோட்டில் சேருமுன் இரண்டு, மூன்று கார் நீளத்துக்காவது ஏறக்குறைய மட்டமாக வர வேண்டும். இல்லாவிட்டால் ஈரத்தில் கேஸ் தோம்பு (சிலிண்டர்) ஏற்றிய மோட்டார்க்காரர் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே சந்திக்குள் வழுக்கிப் போவார். ஏற்கெனவே குடிவந்த கட்டம் இருந்தால் வீட்டு வாசல்களில் குனிந்து பாருங்கள். போர்ச்சுக்கு ஏறும் இடத்தில் தாரிலும் சிமெண்டிலும் வெள்ளை வெள்ளையாகக் கீறல் இருந்தால், கார்களின் வயிறு உரசுகிறது. அந்த வீட்டை வாங்கினால் உங்கள் காரும் உரசும். அப்புறம் இன்னொன்று, எந்தத் தரக் குறிப்பிலும் இல்லாதது: திருவிழாவுக்கு அம்மன் ரதம் உங்கள் வீதிக்கு வர வேண்டும் என்று ஆசை இருந்தால், 12 விழுக்காட்டு ஏற்றத்தில் அதை இழுக்கப் போகிறவர்களையும் நினைத்துப் பாருங்கள்.

விளம்பரப் படத்தில் இதெல்லாம் தெரியாது. ரோட்டின் 'லாங் செக்‌ஷன்' வரைபடத்தை, அதாவது ரோடு நெடுக எங்கே எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று காட்டும் படத்தை, கேளுங்கள். கொடுக்கத் தயங்கினாலும் லே-அவுட்டே பாதி சொல்லிவிடும். தோட்டத்தில் பால்மர நிரைகள் எப்படிப் போயின? மலையைச் சுற்றித்தான் போயின, உச்சிக்கு நேராக ஏறவில்லை. 30 மீட்டர் உயரத்தை 10 விழுக்காட்டில் ஏற 300 மீட்டர் ரோடு வேண்டும். ஆகவே மலையில் ஒழுங்கான ரோடு வளைந்துதான் போகும். சதுரங்கப் பலகை மாதிரி கட்டம் கட்டமாக இருந்தால், ஒன்று மலையை மொத்தமாகச் சீவியிருக்கிறார்கள், அல்லது குறுக்கு ரோடுகள் செங்குத்தாக இருக்கின்றன. வளைந்த ரோட்டில் நடந்து போகிறவருக்குச் சுற்று அதிகம், அதனால் மேல் ரோட்டுக்கும் கீழ் ரோட்டுக்கும் இடையே கைப்பிடியோடு படிக்கட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இனி தண்ணீர். அக்டோபர், நவம்பரில் சாயங்கால மழை கொட்டும்போது குடையோடு போய் நில்லுங்கள். செங்குத்தான கால்வாயில் தண்ணீர் வேகமெடுத்து வரும். அதன் வேகத்தைக் குறைக்கப் படிபடியாக இறக்கியிருக்க வேண்டும், திரும்பும் இடத்தில் ஆழமான சிமெண்டுத் தொட்டி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் திரும்பாது, நேராகத் தாவி ரோட்டுக்கு வரும். மழை விட்ட பிறகு தாரில் செம்மண் கோடு எங்கே படிந்திருக்கிறது என்று பார்த்தாலே வழி தெரியும். வெட்டிய சரிவின் உச்சியிலும் ஒரு கால்வாய் வேண்டும், மேலேயிருந்து வரும் தண்ணீர் வெட்டு முகத்தில் இறங்காமலிருக்க. தடுப்புச் சுவரில் துளைகள் இருக்கிறதா, மழைக்குப் பின் அவற்றில் தண்ணீர் கசிகிறதா என்று பாருங்கள். மழைக்காலத்திலும் எல்லாத் துளையும் காய்ந்து கிடந்தால் அடைத்துக்கொண்டதா என்று விசாரிக்க வேண்டும்.

இதை நான் பெரிதாக்கவில்லை. 1993 டிசம்பர் 11ஆம் தேதி உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் கட்டடம் ஒன்று விழுந்து 48 பேர் இறந்தார்கள். பின்னாலிருந்த மலையில் தண்ணீர் சரியாக வடியாமல் தடுப்புச் சுவர்கள் இடிந்ததுதான் அதில் முக்கியக் காரணம். 2022 டிசம்பர் 16 பத்தாங்காலியில் கூடார முகாம் மேல் மண் சரிந்த துயரம் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 31 பேர் போனார்கள். அங்கே மண் சரிந்தது முகாமுக்கு மேலே இருந்த சாலையோரக் கரையிலிருந்து.

ஆகவே ரோட்டின் பள்ளப் பக்கம், அதாவது மண் நிரப்பிய பக்கம், நடந்து பாருங்கள். ஓரத்துக்கு இணையாகப் பிறைபோல் விரிசல், சாய்ந்த விளக்குக் கம்பம், கால்வாய்க்கும் தாருக்கும் இடையே விலகல் இருந்தால் அந்த வரிசை வேண்டாம். புதுத் தார் பூசி மறைத்திருந்தாலும் கம்பம் காட்டிக் கொடுக்கும்.

முட்டுச் சந்து வீடென்றால் பொம்பா (தீயணைப்பு) வண்டி திரும்ப இடம் உண்டா என்று பாருங்கள். குப்பை லோரிக்கும் அதே இடம்தான்.

கடைசியாக, நகராண்மைக் கழகம் அந்த ரோடுகளைப் பொறுப்பேற்றுவிட்டதா என்று கேளுங்கள். ஏற்கும் வரை பழுது பார்க்க வேண்டியது மேம்பாட்டாளர். விரிசல் கண்டால் அதற்குள் படம் எடுத்து, எழுத்தில் கொடுத்து, நகலைக் கழகத்துக்கும் அனுப்பி விடுங்கள்.