தேசிய நூலகத்தின் தொலைச்சேவையைப் பிற நூலகங்கள் எவ்வாறு பயன்படுத்துகின்றன, எவ்வாறு மதிப்பிடுகின்றன?

வாசகர் நேரில் செல்லாமல், தம் நூலகத்தின் வழியாகவே தேசிய நூலகத்திலிருந்து நூலைக் கடனாகவோ கட்டுரையை நகலாகவோ பெறும் ஏற்பாடே தொலைச்சேவை. பிரிட்டிஷ் நூலகம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் ஆவண வழங்கல் பணி லண்டனில் அல்லாமல், யார்க்‌ஷயரின் பாஸ்டன் ஸ்பாவில், 1960-களில் தொடங்கிய அறிவியல் கடன் நூலகத்தின் தொடர்ச்சியாக நடைபெறுகிறது.

எந்தப் பல்கலைக்கழகத்தாலும் எல்லா ஆய்விதழ்களையும் வாங்கிவிட முடியாது. அடிக்கடி கேட்கப்படுபவை சிலவே, எப்போதாவது ஒருமுறை கேட்கப்படுபவையோ ஏராளம். சிற்றூர் மருந்துக்கடைக்காரர் அன்றாட மாத்திரைகளை மட்டும் அலமாரியில் வைத்துக்கொண்டு, அரிய மருந்தை மொத்த வியாபாரியிடம் சொல்லி வரவழைப்பதைப் போன்றதே இது. நூலகர் இதழின் பெயர், தொகுதி, பக்க எண் ஆகியவற்றைப் பதிவுசெய்கிறார். தேசிய நூலகத்தின் ஊழியர் அத்தொகுதியைத் தேடியெடுத்து, பக்கங்களை ஸ்கேன் செய்து அனுப்புகிறார்.

கேட்டவற்றுள் எத்தனை கிடைத்தன, எத்தனை நாளாயிற்று, கட்டணம் எவ்வளவு, ஸ்கேன் தெளிவாக உள்ளதா என்பவையே வழக்கமான அளவுகோல்கள். என் கருத்தில், ‘எங்களிடம் இல்லை’ என்ற பதில் விரைவாக வருவதும் இவற்றுக்கு இணையானது. அப்போதுதான் வேறிடத்தில் கேட்க முடியும். 2023 அக்டோபர் இணையவழித் தாக்குதலால் பிரிட்டிஷ் நூலகத்தின் சேவைகள் பல மாதங்கள் பாதிக்கப்பட்டதிலிருந்து, ஒரே மூலத்தை நம்பியிருப்பதன் ஆபத்தையும் கணக்கில் கொள்ள வேண்டியுள்ளது.

தேசிய நூலகம் எதையும் இணையத்தில் இலவசமாகத் தந்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் இச்சேவை கட்டணத்துக்கும் பதிப்புரிமை விதிகளுக்கும் உட்பட்டது.