செவ்வாய்க்கிழமை கர்லிங்குக்குப் போங்கள், தம்பி

அக்டோபரில் மதுரையிலிருந்து கனடாவின் சஸ்காச்சுவன் மாகாணத்தில் உள்ள ரிஜைனாவுக்கு வந்திருக்கிறீர்கள். வேலை பிடித்திருக்கிறது, ஊர்தான் இன்னும் பிடிபடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அலுவலகத்தில் செவ்வாய்தோறும் மாலையில் கர்லிங் ஆடக் கூப்பிடுகிறார்கள். பனித்தளத்தில் கல்லைத் தள்ளிவிட்டு அதற்கு முன்னால் துடைப்பத்தோடு ஓடுகிற அந்த ஆட்டம் ஒன்றும் புரியவில்லை. போகாவிட்டால் தவறாக எடுத்துக்கொள்வார்களா, போய் வழுக்கி விழுந்தால் சிரிப்பார்களா, இதெல்லாம் நமக்குத் தேவைதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போங்கள் தம்பி. இந்த வாரமே போங்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இதே கேள்விக்கு நான் வந்த வருடம் "வேண்டாம்" என்று பதில் சொல்லிவிட்டு ஒரு குளிர்காலம் முழுவதையும் வீணாக்கியவள்.

உங்கள் மகளை நீச்சலில் சேர்க்க இடம் தேடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். ஊரின் கிழக்குப் பக்கம் ஒரு மாநகராட்சி மையம் இருக்கிறது. அதன் பெயர் சாண்ட்ரா ஷ்மர்லர் லெஷர் சென்டர். பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு, யாரோ அரசியல்வாதி அல்லது நன்கொடை கொடுத்தவர் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆனால் அவர் அந்த மையத்திலேயே மேற்பார்வையாளராக வேலை பார்த்தவர். கர்லிங்கில் மூன்று முறை உலகப் பட்டமும் ஒலிம்பிக் தங்கமும் வென்றவரும் அவர்தான். அவரைத் தெரிந்துகொண்டால் இந்த ஊர் பாதி புரிந்துவிடும்.

நான் திருநெல்வேலியிலிருந்து இங்கே வந்தது 1999 அக்டோபரில். வந்த ஒரு மாதத்தில் ஏரி உறைந்துவிட்டது. இரவெல்லாம் காரின் இன்ஜினுக்கு மின்சார வயர் மாட்டி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் காலையில் உயிர் வராது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிக் கொடுத்தார். ஐந்து, ஐந்தரை மணிக்கே இருட்டிவிடும். அலுவலகத்தில் எல்லோரும் கனிவாகத்தான் பேசினார்கள். ஆனாலும் பேச்சு வானிலையைத் தாண்டிப் போகவில்லை. கர்லிங்குக்குக் கூப்பிட்டார்கள், வீட்டில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அதன்பிறகு யாரும் கூப்பிடவில்லை. கட்டாயப்படுத்துவது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறவர்கள் இவர்கள். அது அப்போது எனக்குத் தெரியாது.

2000 மார்ச் 2 அன்று சாண்ட்ரா ஷ்மர்லர் புற்றுநோயால் இறந்தார். வயது 36. மறுநாள் அலுவலகம் போனால் வரவேற்பறையில் இருந்த அம்மாளின் கண்கள் சிவந்திருந்தன. உறவினரா என்று கேட்டேன். இல்லை, ஆனால் என் பையனுக்கு நீச்சல் வகுப்புக்குப் பெயர் கொடுக்கப் போனபோது பேசியிருக்கிறேன் என்றார். சில நாட்கள் கழித்து இறுதிச் சடங்கைத் தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டினார்கள். மதிய உணவு அறையில் சோற்று டப்பாவைத் திறந்து வைத்தபடி எல்லோரும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். மைக்ரோவேவ் நேரம் முடிந்து கூவிக்கொண்டே இருந்தது, அணைக்க யாரும் எழுந்திருக்கவில்லை. அதே வாரம் இதே மாகாணத்தின் சஸ்கட்டூன் நகரில் ஆண்களுக்கான தேசியப் போட்டி நடந்துகொண்டிருந்தது. அங்கேயும் ஆட்டத்தைத் தள்ளிவைத்து, அரங்கில் கூடியிருந்தவர்களுக்குத் திரையில் அந்தச் சடங்கைக் காட்டினார்கள். ஒரு விளையாட்டு வீராங்கனைக்காக ஒரு மாகாணமே வீட்டு மனுஷியைப் பறிகொடுத்ததுபோல் அழுததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் யார் இவர் என்று கேட்க ஆரம்பித்தேன். கேட்டதும் எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள். ஐந்து மாதமாக என்னிடம் வானிலை மட்டும் பேசியவர்கள் அன்று ஒரு மணி நேரம் பேசினார்கள்.

சாண்ட்ரா பிறந்தது 1963-இல். வளர்ந்தது சஸ்கட்டூனுக்கு மேற்கே உள்ள பிகர் என்கிற சிறிய ரயில்வே ஊரில். 'பிகர்' என்றால் ஆங்கிலத்தில் 'இன்னும் பெரியது' என்று காதில் விழும் அல்லவா, அதனால் ஊர் எல்லையில் "நியூயார்க் பெரியது, ஆனால் இது பிகர்" என்று பலகை வைத்திருக்கிறார்கள். இரண்டாயிரம் பேர் சுமாருக்கு உள்ள ஊர். இந்தப் புல்வெளி மாகாணங்களில் அப்படிப்பட்ட ஊர்களில் தானியக் கிடங்கு, தேவாலயம், பனிச்சறுக்கு அரங்கு, கர்லிங் கூடம் இவை நான்கும் இருக்கும். அறுவடை முடிந்து நிலம் உறைந்தபின் ஆறு மாதம் விவசாயிக்கு வயலில் வேலை இல்லை. அந்த ஆறு மாதமும் ஊர் கூடுகிற இடம் கர்லிங் கூடம்தான். தாத்தாவும் பேத்தியும் ஒரே அணியில் ஆட முடிகிற ஆட்டம் இது. பள்ளிப் பருவத்திலேயே சாண்ட்ரா அதில் இறங்கிவிட்டார். பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி படித்தார், பிறகு வேலைக்காக ரிஜைனா வந்தார்.

ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய 45 மீட்டர் நீளமான பனித்தளம். ஒவ்வொரு கல்லும் 19 கிலோ சுமார் எடையுள்ள கருங்கல், மேலே கைப்பிடி. எதிர்முனையில் 12 அடி விட்டத்தில் வட்டங்கள் வரைந்திருக்கும், அதற்கு வீடு என்று பெயர். அணிக்கு நான்கு பேர், ஆளுக்கு இரண்டு கல். இரு அணியின் பதினாறு கற்களும் போய் முடிந்ததும், வீட்டின் நடுப்புள்ளிக்கு மிக நெருங்கிய கல் யாருடையதோ அந்த அணிக்குப் புள்ளி; எதிரணியின் கற்களைவிட நெருங்கி நிற்கிற அவர்களுடைய ஒவ்வொரு கல்லுக்கும் ஒன்று. இது ஒரு சுற்று. கல்லை விடும்போது கைப்பிடியை லேசாகத் திருப்பிவிட்டால் அது போகப்போக வளையும். முன்னால் துடைப்பத்தால் வேகமாகத் தேய்த்தால் வளைவது குறைந்து இன்னும் தூரம் போகும். நான்கு பேரில் ஒருவர் வீட்டருகே நின்று எங்கே விட வேண்டும் என்று காட்டுவார், அவர்தான் ஸ்கிப். அணியின் மூளை. கடைசி இரண்டு கல்லும் வழக்கமாக அவருடையவை.

சாண்ட்ராதான் அவருடைய அணியின் ஸ்கிப். ஜேன் பெட்கர், ஜோன் மெக்கஸ்கர், மார்சியா குடரைட் ஆகிய மூவரும் அவரோடு ஆடினார்கள். இந்த நால்வரும் 1993, 1994, 1997 ஆகிய மூன்று ஆண்டுகளில் கனடாவின் தேசியப் பட்டத்தையும் உலகப் பட்டத்தையும் சேர்த்து வென்றார்கள். ஜெனீவா, ஜெர்மனியின் ஓபர்ஸ்டார்ஃப், பெர்ன் என்று உலகப் போட்டிகள் நடந்த இடமெல்லாம் போய் வென்றுவிட்டு, ஊர் திரும்பியதும் அவரவர் வேலைக்குப் போனார்கள். இதை நீங்கள் நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆட்டத்தை நம்பிப் பிழைத்தவர்கள் அல்ல அவர்கள். உலகச் சாம்பியன் மறுவாரம் மாநகராட்சி நீச்சல் குளத்தின் வேலை அட்டவணையைப் போட்டுக்கொண்டிருந்தார். அதனால்தான் அந்த வரவேற்பறை அம்மாள் அழுதார்.

அவருடைய கல் ஒன்றைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் என் அணியில் இருக்கிற மூத்தவர்கள் மேசைமேல் உப்பு, மிளகு டப்பாக்களை நகர்த்திக் காட்டி விளக்குகிற கல் அது. 1998 நகானோ ஒலிம்பிக்கில்தான் பெண்கள் கர்லிங் முதன்முதலாகப் பதக்கப் போட்டியானது. கனடாவிலிருந்து யார் போவது என்பதற்கான தேர்வுப் போட்டி 1997 நவம்பரில் மானிட்டோபாவின் பிராண்டன் நகரில் நடந்தது. செப்டம்பரில்தான் சாண்ட்ராவுக்கு மூத்த மகள் பிறந்திருந்தாள். கைக்குழந்தைக்காரி. இறுதி ஆட்டம் கால்கரியின் ஷானன் க்ளைப்ரிங்க் அணியோடு. ஏழாவது சுற்றில் நடுவில் எதிரணியின் கல் உட்கார்ந்திருக்கிறது. நேராகப் போய் அதைத் தட்ட வழியில்லை. பக்கவாட்டில் ஒதுங்கிக் கிடக்கிற ஒரு கல்லின் விளிம்பில் உரசி, அந்த உரசலில் திசை திரும்பி உள்ளே பாய்ந்து நடுக் கல்லை வெளியே தள்ள வேண்டும். கேரம் ஆடுகிறவர்களுக்கு இது புரியும். ஆனால் கேரம் பலகை இரண்டரை அடி. இங்கே கல் ஏறக்குறைய முப்பது மீட்டர் தனியாகப் போயாக வேண்டும், அதுவும் வளைந்துகொண்டே. சாண்ட்ரா அதை விட்டார். உரசியது, திரும்பியது, நடுக் கல் வெளியே போனது. மூன்று புள்ளி. ஆட்டத்தையும் ஒலிம்பிக் வாய்ப்பையும் அந்தக் கல் முடித்துவைத்தது.

நகானோவில் அரையிறுதியில் பிரிட்டனைக் கூடுதல் சுற்றில் வென்று, இறுதியில் டென்மார்க்கை 7-5 என்று வென்றார்கள். பெண்கள் கர்லிங்கின் முதல் ஒலிம்பிக் தங்கம் அது.

அதற்குப்பின் நடந்ததை எழுத எனக்கு இன்றும் கை தயங்குகிறது. 1999 ஜூனில் இரண்டாவது மகள் பிறந்தாள். அதை ஒட்டியே உடம்பு படுத்தத் தொடங்கி, சில மாதங்களில் இதயத்துக்குப் பின்னால் புற்றுக்கட்டி இருப்பது தெரியவந்தது. அறுவை, கீமோ எல்லாம் நடந்தன. 2000 பிப்ரவரியில் மங்டனில் நடந்த இளையோர் தேசியப் போட்டிக்குத் தொலைக்காட்சி வர்ணனையாளராகப் போனார். தலைமுடி கொட்டியிருந்தது. பத்திரிகையாளர்களைத் தானே கூப்பிட்டுப் பேசினார். கர்லிங்கில் தோற்பது உலகம் அழிந்துபோவது அல்ல என்று இப்போது தெரிகிறது என்றார். குடும்பத்தைக் கவனிக்க வேண்டும், வெப்பமான ஊர் ஒன்றுக்குப் போய் மணலில் கால் வைக்க வேண்டும் என்று தன் ஆசைகளைச் சொன்னார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, போய்விட்டார். அந்தப் பேட்டியை நான் பிறகுதான் பார்த்தேன். மைனஸ் முப்பதில் வாழ்கிறவர்களுக்கு மணலில் கால் வைப்பது எவ்வளவு பெரிய ஆசை என்று முதல் குளிர்காலத்தைத் தாண்டிய பிறகு உங்களுக்கே தெரியும்.

மறு ஆண்டு அவர் பெயரில் அறக்கட்டளை ஒன்று தொடங்கினார்கள். குறைமாதத்தில் பிறக்கிற, நோயோடு பிறக்கிற குழந்தைகளுக்காக மருத்துவமனைகளுக்குக் கருவிகள் வாங்கிக் கொடுக்கிறார்கள். அதே 2001-இல்தான் சஸ்காச்சுவன் கர்லிங்கைத் தன் அதிகாரபூர்வ விளையாட்டாக அறிவித்தது.

நான் அந்த 2000 இலையுதிர் காலத்திலேயே அலுவலக அணியில் நானாகக் கேட்டுச் சேர்ந்தேன். முதல் நாள் கூடத்துக்குள் நுழைந்தபோது ஒருவர் முதுகில் தொட்டியை மாட்டிக்கொண்டு, பின்னால் நடந்தபடியே தளம் முழுவதும் தண்ணீர்த் துளிகளைத் தெளித்துக்கொண்டிருந்தார். எங்கள் அம்மா வாசல் தெளிக்கிற அதே கைவீச்சு. துளிகள் விழுந்த இடத்திலேயே உறைந்து பொடிப்பொடிப் புடைப்புகளாகிவிடும். அந்தப் புடைப்புகள்மேல்தான் கல் ஓடுகிறது, கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தால் ஓடாது. எனக்கு அந்தக் கூடத்தில் பயம் போனது அந்தக் கைவீச்சைப் பார்த்த நொடியில்தான்.

விழுவீர்கள். முதல் மாதம் எல்லோரும் விழுவார்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள். கை கொடுத்துத் தூக்குவார்கள். ஆட்டம் தொடங்கும் முன் எதிரணியோடு கைகுலுக்கி "நல்ல ஆட்டம் அமையட்டும்" என்று சொல்ல வேண்டும், முடிந்ததும் மறுபடி கைகுலுக்க வேண்டும். இதை மறக்காதீர்கள். உள்ளூர் ஆட்டத்தில் நடுவர் கிடையாது. ஓடுகிற கல்லில் உங்கள் துடைப்பம் பட்டுவிட்டால், வேறு யாரும் பார்க்காவிட்டாலும், நீங்களே சொல்லிவிட வேண்டும். எதிரணியின் கல் வழிதவறினால் கைதட்டாதீர்கள். அவர்களுடைய நல்ல கல்லுக்கு மனதாரப் பாராட்டுங்கள்.

பிறகு முக்கியமான கட்டம். ஆட்டம் முடிந்ததும் வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். ஜெயித்த அணி தோற்ற அணிக்குக் குடிக்க ஏதாவது வாங்கித் தந்து ஒரே மேசையில் உட்கார வைப்பது இங்கே வழக்கம். மது வேண்டாம் என்றால் கூச்சப்படாமல் சூடான சாக்லேட் கேளுங்கள். இருபது வருடத்துக்கு மேலாக நான் அதைத்தான் குடிக்கிறேன். என் மகனுக்குப் பள்ளி, என் கணவருக்கு இரண்டாவது வேலை, வீட்டுக் கடனுக்கு யாரைப் பார்ப்பது, எந்தக் கடையில் குளிர்கால டயர் மலிவு, எல்லாமே அந்த மேசையில்தான் எனக்குக் கிடைத்தது. அலுவலக நேரத்தில் ஐந்து வருடம் பழகினாலும் சொல்லாததை அங்கே அரை மணியில் சொல்வார்கள். சாண்ட்ரா பெயரை நீங்கள் எடுத்துப் பாருங்கள், உப்பு டப்பாவை நகர்த்தத் தொடங்கிவிடுவார்கள்.

உடை விஷயம்: ஜீன்ஸ் வேண்டாம், கால் மடங்காது. இழுபடுகிற பேன்ட், மெல்லிய உடைகள் இரண்டு மூன்று அடுக்கு, கையுறை. தலைக்கு ஹெல்மெட் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள், வெட்கம் பார்க்காதீர்கள். காலணி தனியாகக் கொண்டுபோய் உள்ளே மாற்றிக்கொள்ளுங்கள். தெருவில் பனிக்காகத் தூவுகிற மணலில் ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டு வந்து தளத்தில் விழுந்தால் போதும், நன்றாகப் போய்க்கொண்டிருக்கிற கல் சட்டென்று எங்கேயோ திரும்பிவிடும்.

துடைப்பம் வாங்கப் பணம் செலவழிக்க வேண்டாம். என்னுடைய பழையது ஒன்று இருக்கிறது, தலைப்பகுதியைப் போன வருடம்தான் மாற்றினேன். கைப்பிடியில் என் பெயரைத் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன், அது அப்படியே இருக்கட்டும். செவ்வாய் ஆறு மணிக்குள் வீட்டுக்கு வந்து எடுத்துக்கொண்டு போங்கள், மகளையும் கூட்டி வாருங்கள்.