செமினோல் (புளோரிடாவின் அமெரிக்கப் பழங்குடியினர்) தலைவர்களின் உருவப்படங்கள்: கேள்வி பதில்

கேள்வி: செமினோல் போர்த்தலைவர் ஓசியோலா துப்பாக்கியோடு நிற்கும் படம் போர்க்களத்தில் வரைந்ததா?

இல்லை, சிறையில். 1837 அக்டோபரில், புளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் அருகே வெள்ளைக்கொடியை நம்பிப் பேச வந்தவரை அமெரிக்கத் தளபதி ஜெசப்பின் ஆணைப்படி பிடித்தார்கள். பிறகு தென் கரோலினாவின் மோல்ட்ரி கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். 1838 ஜனவரியில் அமெரிக்க ஓவியர் ஜார்ஜ் காட்லின் அங்கே போய் வரைந்தார். அதே மாதம் 30ஆம் தேதி ஓசியோலா இறந்துவிட்டார்.

கேள்வி: அந்தப் படத்தில் உள்ள தலைப்பாகையும் நகைகளும் கற்பனையா?

அதைச் சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு. சார்ல்ஸ்டன் ஓவியர் ராபர்ட் கர்டிஸும் ஓசியோலாவைச் சிறையிலேயே வரைந்தார்; இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கழுத்தில் அடுக்காகத் தொங்கும் பிறை வடிவ வெள்ளித் தகடுகள், ஐரோப்பிய அதிகாரிகள் அணிந்த கழுத்துத் தகட்டின் வழிவந்தவை. தலையில் உள்ள தீக்கோழி இறகும் வணிகத்தில் வந்ததே. புளோரிடாவில் ஏது தீக்கோழி?

கேள்வி: காட்லின் வரைந்த செமினோல் தலைவர் மிக்கனோப்பி மட்டும் ஏன் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறார்?

தன்னை வரைய அவர் முதலில் சம்மதிக்கவில்லை. சிவப்புக் காலுறை போட்ட தன் கால்களை அப்படியே வரைந்தால் சரி என்று பிறகு இறங்கிவந்தார். காட்லின் கால்களை முதலில் முடித்து, மேலே உடம்புக்கும் தலைக்கும் இடம் விட்டுக்கொண்டார். பரம்பரைத் தலைவர் இவர்தான், ஓசியோலா அல்ல. பலர் இதை மாற்றிச் சொல்கிறார்கள்.

கேள்வி: 19ஆம் நூற்றாண்டின் மெக்கென்னி–ஹால் அச்சுப்படத் தொகுப்பின் மிக்கனோப்பி படம் கடையில் கிடைத்தது. அசலா?

பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். அசலானால், கல்லில் வரைந்து அச்சிடும் கல்லச்சில் கிரேயான் தேய்த்ததுபோல் ஒழுங்கற்ற சிறு துகள்கள் தெரியும். கையால் பூசிய வண்ணம் ஆங்காங்கே கோட்டைத் தாண்டும். வரிசையான புள்ளிகள் தெரிந்தால் அது பிற்கால மறுபதிப்பு. பெரிய பதிப்பின் தாள் சுமார் 36 × 51 செ.மீ.; சிறியது ஏறக்குறைய 18 × 27. ஓரம் வெட்டியிருந்தால் அளவை நம்பாதீர்கள். அழுக்கென்று நீரில் நனைக்கவே வேண்டாம், வண்ணம் கரைந்துவிடும்.

முகச்சாயலை ஆராய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஓவியர் சார்ல்ஸ் பேர்ட் கிங் வாஷிங்டனில் வரைந்த, இந்த அச்சுகளின் மூல ஓவியங்களில் பெரும்பாலானவை 1865 ஜனவரியில் அங்குள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் பற்றிய தீயில் போயின. அச்சுப்படமோ ஓவியர் ஹென்றி இன்மன் எடுத்த நகலைப் பார்த்துக் கல்லில் வரைந்தது. நகலின் நகல்!

கேள்வி: செமினோல் தலைவர் பில்லி போலெக்ஸின் டாகுரோடைப் (வெள்ளி பூசிய தகட்டில் எடுத்த பழைய ஒளிப்படம்) பற்றி?

இடம் வலம் மாறித் தெரியும். எந்தத் தோளில் பட்டை, எந்தக் கையில் என்ன என்று எழுதுமுன் கண்ணாடியில் திருப்பிப் பாருங்கள்.