காரைக்குடியில் இருந்துகொண்டு தாய்லாந்துச் சண்டைக் கலையான முவாய் தாய் பழக முடியுமா? காலெலும்பைக் கெட்டியாக்க அதன் மேல் பாட்டில் உருட்டலாமா?

இரண்டாவது கேள்விக்கே முதலில் வருகிறேன், அதுதான் அவசரம். பாட்டில் உருட்டாதீர்கள். பூரிக்கட்டையும் வேண்டாம். தாய்லாந்தில் வாழை மரத்தையே உதைத்துச் சாய்க்கிறார்களே என்று யாராவது வாதாட வரலாம். வாழைத்தண்டு நாரும் நீருமாக இருப்பது, உதையை வாங்கிக்கொண்டு நசுங்கும். உங்கள் வளவில் நிற்கும் பர்மாத் தேக்குத் தூண் நசுங்காது, உங்கள் கால்தான் நசுங்கும்.

எலும்பு தன் மேல் விழும் சுமைக்கு ஏற்ப மெல்ல மெல்லத் தடிக்கும். அதற்கு மாதக்கணக்கு ஆகும். பாட்டில் தேய்த்தால் எலும்பின் மேலுறைதான் புண்ணாகும். வேண்டியது, தொங்கவிட்டு உதைத்துப் பழக ஒழுங்காக அடைத்த பை. 6 அடி நீளப் பையாகப் பாருங்கள், குட்டைப் பையில் தொடை உயர உதை பழக முடியாது. மணல் போடாதீர்கள். ஆட ஆட மணல் கீழே இறங்கி, நீங்கள் உதைக்கும் இடமே கல்லாகிவிடும். தையல் கடை வெட்டுத்துணி போதும். பட்டன், ஜிப் எல்லாம் வெட்டி எடுத்துவிட்டு, ஓர் அடிக்கு ஒரு முறை உலக்கையால் இடித்து இடித்து அடையுங்கள். உங்கள் எடையில் பாதி இருந்தால் சரி. முதல் மாதம் காலுக்கு 30 உதை, பாதி வேகத்தில், ஒரு நாள் விட்டு ஒரு நாள். எலும்பில் ஒரே புள்ளியை விரலால் அழுத்தினால் சுரீர் என்று வலித்து, ஓய்வெடுத்தும் அது போகவில்லை என்றால் விரிசலாக இருக்கலாம். எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

உதையின் பலம் ஊன்றிய காலில் இருக்கிறது. குதிகாலைத் தூக்கி, முன்பாதத்தில் திரும்பி, குதிகால் எதிராளியைப் பார்க்கும்வரை சுழல வேண்டும். இடுப்பு தானாகக் கூடவே வரும். பாதம் தரையில் ஒட்டிக்கொண்டு இடுப்பு மட்டும் திரும்பினால் முறுக்கு முழங்கால் ஜவ்வில் இறங்கும். படவேண்டியது முன்னெலும்பின் கீழ்ப்பாதி, புறங்கால் இல்லை. புறங்கால் எலும்புகள் மெல்லியவை. உதைக்கும் பக்கத்துக் கை கீழே வீசி வரும், மற்றக் கை தாடையை விட்டு நகரக்கூடாது.

தரையையும் பாருங்கள். ஆத்தங்குடிக் கல்லில் நாலு சொட்டு வியர்வை விழுந்தால் போதும், ஊன்றிய கால் வழுக்கிவிடும். தடித்த மெத்தையிலோ பாதம் புதைந்து திரும்பாது. மொட்டைமாடிச் சிமெண்டுத் தரையில் கெட்டியான மெல்லிய ரப்பர் விரிப்பு போட்டு, வெயில் ஏறுமுன் 6 மணிக்கெல்லாம் முடித்துவிடுங்கள்.

சிலம்பம் பழகியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்: உங்கள் காலடி வேகம் இதற்குப் பெரிய சொத்து. ஆனால் முன்காலில் எடையைத் தாழ்த்தி ஊன்றுவதை இங்கே விட்டுவிட வேண்டும். எடை விழுந்த காலைத் தூக்கித் தடுக்க நேரமிருக்காது, தொடையில் உதை வாங்குவீர்கள்.

கிக் பாக்ஸிங்கும் இதுவும் ஒன்றா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. கை, கால், முழங்கை, முழங்கால் என எட்டு ஆயுதம் இதில். கழுத்தைப் பிடித்து இழுத்து முழங்காலால் இடிக்கும் கிளிஞ்ச்தான் இதன் உயிர். பெரும்பாலான கிக் பாக்ஸிங் விதிகளில் முழங்கை கிடையாது, கிளிஞ்ச்சும் உடனே பிரிக்கப்படும். தொழில்முறைப் போட்டி 3 நிமிடச் சுற்றுகள் 5, நடுவே 2 நிமிட ஓய்வு.

கேட்காத ஒன்றையும் சொல்லியே தீர வேண்டும், மனசு கேட்கவில்லை. தாய்லாந்து மரபில் கலர் பெல்ட் கிடையாது. அங்கே போட்டி மேடையில் ஆடிய ஆட்டம்தான் தகுதி. இங்கே மூன்று மாதத்துக்கு ஒரு பெல்ட், அதற்கொரு கட்டணம், ஒரு சான்றிதழ் என்று பிள்ளைகளின் பெற்றோரிடம் பணம் பிடுங்குகிறார்கள். 2021-ல் ஒலிம்பிக் கமிட்டி இந்த விளையாட்டுக்கு முழு அங்கீகாரம் கொடுத்ததைக் காட்டி, ஒலிம்பிக்கில் ஆடலாம் என்று ஆசை காட்டுவதும் நடக்கிறது. அங்கீகாரம் வேறு, பதக்கப் போட்டியில் இடம் வேறு.

தனியாக மூன்று மாதம் உதையும் குத்தும் பழகலாம். கிளிஞ்ச்சுக்கும், ஒருவர் கையில் பிடிக்கும் மெத்தையில் அடித்துப் பழகும் பேட் பயிற்சிக்கும் ஆள் வேண்டும், அதற்கு மதுரை, திருச்சிப் பக்கம் தேடுங்கள். சேருமுன் ஒரு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள். புதிதாக வந்தவர்களைத் தலையில் முழு பலத்தோடு அடித்துக்கொள்ள விடும் இடமென்றால் சேர வேண்டாம்.