பிள்ளை முதுகு வலி என்று சொன்னால்

கேள்வி: வணக்கம் டாக்டர். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். மகனுக்கு 11 வயது, டுஷேன் தசைச் சிதைவு நோய். ஆறு வயதிலிருந்து பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறான், வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பான். கொஞ்ச நாளாக முதுகு வலிக்கிறது என்கிறான், ஆனால் எங்கேயும் விழவில்லை. மாமியார் எண்ணெய் போட்டு நீவிவிடலாம் என்கிறார். என் அண்ணனோ அந்த ஸ்டீராய்டுதான் எலும்பைத் தின்கிறது, நிறுத்திவிடு என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: அம்மா, நீவ வேண்டாம், மாத்திரையையும் நிறுத்த வேண்டாம். இந்த வாரமே மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் முதுகெலும்பைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு சாப்பிடும் டுஷேன் பிள்ளை முதுகு வலி என்றால், இல்லை என்று படம் காட்டும்வரை, முதுகெலும்பு நசுங்கியிருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். இதற்கு விழுந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை, தூக்கி உட்கார வைக்கும்போதுகூட நசுங்கலாம், சில பிள்ளைகளுக்கு வலியே தெரியாமலும் நடக்கும். அதனால்தான் 2018-இல் லான்செட் நியூராலஜி என்ற மருத்துவ இதழில் வந்த டுஷேன் பராமரிப்பு வழிகாட்டி, ஸ்டீராய்டு சாப்பிடும் பிள்ளைகளுக்கு வலி இல்லாவிட்டாலும் ஒன்று இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இந்தப் படம் எடுக்கச் சொல்கிறது. எலும்பு அடர்த்தி ஸ்கேனும் வருடா வருடம் வேண்டும், ஆனால் அதில் எண் ஓரளவு நன்றாக இருக்கிறது என்பதால் நசுங்கல் இல்லை என்று ஆகிவிடாது.

உங்கள் அண்ணன் சொல்வதில் பாதி உண்மை. ஸ்டீராய்டு புது எலும்பு உருவாவதைக் குறைக்கிறது, பழையது கரைவதைக் கூட்டுகிறது. ஆனால் உங்கள் மகன் 11 வயதில் இன்னும் நடக்கிறான் என்றால் அதில் அந்த மாத்திரைக்குப் பெரிய பங்கு இருக்கும், மூச்சுக்கும் முதுகு கோணாமல் இருப்பதற்கும் அது உதவுகிறது. இதைவிட முக்கியமான ஒன்று: இத்தனை வருடம் வெளியிலிருந்து ஸ்டீராய்டு போனதால் உடம்பின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அவனுடைய அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும். திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வாந்தி எடுத்து மாத்திரை வயிற்றில் தங்காவிட்டாலும் அதே ஆபத்துதான், அப்போது மறுநாள்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய் ஊசி மூலம் கொடுக்கச் சொல்லுங்கள். அளவைக் குறைப்பதா, மருந்தை மாற்றுவதா என்பதெல்லாம் டாக்டரோடு பேசி முடிவு செய்ய வேண்டியது.

சரி, படத்தில் நசுங்கல் தெரிந்தால்? சிகிச்சை இருக்கிறது. ஸோலெட்ரோனிக் அமிலம், பாமிட்ரோனேட் போன்ற மருந்துகளை இரத்த நாளம் வழியாக ஏற்றுவார்கள், எலும்பு கரைவதை அவை தடுக்கும். முதல் தடவை ஏற்றியதும் ஓரிரு நாள் காய்ச்சல், உடம்பு வலி வரலாம், அந்த நேரத்தில் ஸ்டீராய்டு அளவைக் கூட்ட வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஏற்றுவதற்கு முன்னால் வைட்டமின் டி, கால்சியம் அளவு சரியாக இருக்க வேண்டும், பல்லையும் காட்டிவிடுங்கள். சிறுநீரகத்துக்கு வழக்கமாகப் பார்க்கும் கிரியாட்டினின் இந்தப் பிள்ளைகளுக்கு நம்பகமானது இல்லை. தசை குறைவு என்பதால் அது எப்போதும் குறைவாகவே காட்டும், அதற்குப் பதிலாக சிஸ்டேட்டின் சி என்ற இரத்தப் பரிசோதனை பார்க்க முடியுமா என்று கேளுங்கள்.

சாப்பாட்டில் நெத்திலி, கேழ்வரகு, பால், தவ்வு (சோயாக் கட்டி) எல்லாம் நல்லதுதான், கொடுங்கள். ஆனால் நசுங்கிய எலும்புக்கு அது மட்டும் போதாது. நம் ஊர் வெயிலுக்கு வைட்டமின் டி எப்படிக் குறையும் என்று கேட்பீர்கள், அதிகம் நடக்க முடியாத பிள்ளை வகுப்பறையிலும் வீட்டிலும்தானே இருக்கிறான், அதனால் வருடத்துக்கு ஒருமுறை இரத்தத்தில் பார்த்துவிடுவது நல்லது. மாற்றுத்திறனாளிகளுக்கான ஓ.கே.யூ. அட்டை இன்னும் எடுக்கவில்லை என்றால் சமூகநல இலாகாவில் பதிந்துகொள்ளுங்கள், அரசாங்க மருத்துவமனைச் செலவுக்குக் கை கொடுக்கும். மாமியாரிடம் கோபப்படாமல் சொல்லுங்கள், பேரன் மேல் உள்ள பாசத்தில் சொல்கிறார், ஆனால் நசுங்கிய எலும்பை அழுத்தினால் இன்னும் கெடும்.

கேள்வி: எனக்கு 24 வயது, கூலிம். இடுப்பு, தோள் தசை பலவீனமாகும் பரம்பரை நோய், சக்கர நாற்காலிதான். ஸ்டீராய்டு சாப்பிட்டதே இல்லை. என் எலும்புக்கும் ஆபத்தா?

பதில்: ஆமாம் தம்பி. தசை இழுப்பதாலும், நின்று எடை தாங்குவதாலும்தான் எலும்பு கெட்டிப்படுகிறது. அது இரண்டும் குறைந்தால் மருந்து இல்லாமலேயே எலும்பு மெலியும், முக்கியமாக முழங்காலுக்கு மேலே தொடை எலும்பு. நாற்காலியிலிருந்து சறுக்கி விழுவதில்தான் பலருக்கு முறிகிறது, அதனால் வீட்டுக்குள் இருந்தாலும் பெல்ட் போடுங்கள். தூக்குபவர்கள் காலைப் பிடித்து முறுக்காமல் இரண்டு பேராகத் தூக்கட்டும். அறுவை சிகிச்சை என்று வந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் உங்கள் நோயை முதலிலேயே சொல்லிவிடுங்கள், சக்ஸமெத்தோனியம் போன்ற சில மருந்துகள் உங்களுக்கு ஆகாது. அப்புறம், விழுந்தோ அடிபட்டோ சில மணி நேரத்தில், அல்லது ஓரிரு நாளில், மூச்சு வாங்கினாலோ பேச்சு குழம்பினாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள், எலும்பிலிருந்து வெளிப்பட்ட கொழுப்பு நுரையீரலையும் மூளையையும் அடைத்திருக்கலாம். "அடிபட்டபின் மூச்சு வாங்குகிறது" என்று பதிவு செய்யும் இடத்திலேயே சொல்லுங்கள்.