மழைக்காட்டு வேட்டைக்கு எந்தக் காலணி? கேள்வி-பதில்

தீபகற்ப மலேசியாவில் பெர்ஹிலித்தான் எனும் வனவிலங்குத் துறையின் உரிமத்துடன் காட்டுப்பன்றி வேட்டைக்குச் செல்லும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள், காலணி தொடர்பானவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நீர் புகாத சவ்வு வைத்த விலையுயர்ந்த பூட்ஸ் வாங்கினேன். முதல் நாளே உள்ளே தண்ணீர் தேங்கிவிட்டது. காலணி பழுதா? (தைப்பிங்)

பதில்: பழுதில்லை, குளிர்நாட்டுக்கு உரிய காலணியை வாங்கியிருக்கிறீர்கள். வியர்வையின் ஆவி வெளிக்காற்றை நோக்கி நகர்ந்தால்தான் அந்தச் சவ்வு வேலை செய்யும். உள்ளும் புறமும் ஒரே வெக்கையும் ஈரமுமாக இருக்கும் நம் காட்டில் அந்த நகர்வு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஓடையைக் கடக்கும்போது மேல்விளிம்பு வழியாக நுழையும் தண்ணீரோ, வெளியேற வழியின்றி நாள் முழுவதும் பாதத்தோடு தங்கிவிடும். ஆகவே, தண்ணீரைத் தடுக்கும் காலணியைத் தேடாமல், புகுந்த தண்ணீரை விரைவாக வெளியேற்றும் காலணியைத் தேடுங்கள். வியட்நாம் போர்க்கால அமெரிக்கக் காட்டு பூட்ஸ் இந்த அடிப்படையில்தான் அமைந்தது: பாதத்தைச் சுற்றித் தோல், கணுக்காலுக்கு மேல் எளிதில் உலரும் துணி, உட்பக்க ஓரத்தில் நீர் வடிவதற்குச் சிறு துளைகள். பின்னாளில் அதில் பொருத்தப்பட்ட 'பனாமா' அடிப்பகுதியின் அகன்ற, சாய்ந்த பள்ளங்கள் நடக்கும்போதே சேற்றை உதறிவிடும். நெருக்கமான பற்கள் கொண்ட மலையேற்றக் காலணியோ நம் களிமண்ணில் சற்று நேரத்திலேயே சேறு அப்பி வழுக்கத் தொடங்கும். இந்த அமைப்பில் இன்றும் பூட்ஸ் விற்கிறார்கள்.

காலுறையிலும் கவனம் தேவை. பருத்தி நீரைப் பிடித்துவைத்துக் கொப்புளம் உண்டாக்கும் என்பதால் மெல்லிய கம்பளிக் கலவையே நல்லது. இரவில் மட்டும் அணிய ஒரு ஜோடியை நீர் புகாத பையில் வைத்திருங்கள். பல நாட்கள் இரவிலும் உலராமல் ஊறிய பாதம் வெளுத்துச் சுருங்கி, ஊன்றி நடக்கவே முடியாத அளவுக்கு வலியெடுக்கும்.

கேள்வி: தோட்டத்தில் பால்மரம் வெட்டும்போது அப்பா அணிந்த 'அடிடாஸ் கம்போங்' வேட்டைக்குப் போதுமா? (சுங்கை சிப்புட்)

பதில்: ஒரு பகல் நடைக்குத் தாராளமாகப் போதும். ஒரே அச்சில் வார்த்த ரப்பராதலால் அது நீரை உறிஞ்சாது, கவிழ்த்தால் காலியாகிவிடும், அடியிலுள்ள குமிழ்கள் சேற்றில் நன்கு பிடிக்கும். விலையைப் பார்த்து அதை ஏளனம் செய்பவர்கள் மழைநாளில் வழுக்கி விழுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். தடித்த காலுறைக்கு இடமிருக்குமாறு ஓரளவு பெரியதாக வாங்குங்கள். ஆனால், செம்பனைத் தோட்டத்தின் ஓரமாகப் பன்றியைத் தொடர்வதானால் இது வேண்டாம். வெட்டிப் போட்ட மட்டைகளின் முள் அந்த மெல்லிய அடியைத் துளைத்துவிடும். கெடா, பெர்லிஸ் பக்கம் செல்வோருக்கு இன்னொரு காரணமும் உண்டு: அங்கு ரப்பர் தோட்டங்களில் சருகோடு சருகாகக் கிடக்கும் மலாயக் குழிவிரியன் பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலும்தான் கடிக்கும் என்பதால், கணுக்காலை மூடும் உயரமான பூட்ஸ் அணிவதே தகும்.

கேள்வி: நீர் வடியும் துளை வழியாக அட்டை ஏறாதா? (குவாந்தான்)

பதில்: ஏறும். நெருக்கமாக நெய்த துணியாலான அட்டைக் காலுறையை, கால்சட்டையின் அடிப்பகுதியை உள்ளே விட்டு, முழங்காலுக்குக் கீழே இறுகக் கட்டிக்கொள்ளுங்கள். அட்டையை விரட்டச் சிலர் பூசும் புகையிலை நீர், முதல் ஓடையைக் கடக்கும்போதே கழுவப்பட்டுவிடும்.

கேள்வி: அலமாரியில் சில ஆண்டுகள் புதிதாகவே இருந்த பூட்ஸின் அடிப்பகுதி, அணிந்த அன்றே பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஏன்? (கிள்ளான்)

பதில்: அடிப்பகுதிக்குள் மெத்தென்றிருக்கும் இடை அடுக்கு பாலியூரித்தேன் எனும் நுரைப் பிளாஸ்டிக்காக இருந்திருக்கும். காற்றின் ஈரமும் வெப்பமும் அதன் மூலக்கூறுப் பிணைப்புகளைச் சிறிது சிறிதாக அறுப்பதால், அணியாமல் பூட்டிவைத்த காலணியும் கெடும். பழைய இருப்பைத் தள்ளுபடியில் வாங்காதீர்கள். பயணத்துக்கு முன் இடை அடுக்கை விரலால் அழுத்திப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால் காட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். அடிப்பகுதி முழுவதும் ரப்பராலான பூட்ஸில் இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: வீட்டில் பன்றி வளர்க்கிறோம். வேட்டைக் காலணியால் ஆபத்து உண்டா? (நிபோங் திபால்)

பதில்: உண்டு. 2021-இல் சபாவில் உறுதிசெய்யப்பட்ட ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதரைத் தாக்காது. ஆனால் அதன் கிருமி, இரத்தமும் சேறும் ஒட்டிய காலணியில் பயணம் செய்யும். சேற்றின் மேல் ஊற்றிய கிருமிநாசினி பயன் தராது என்பதால், முதலில் பள்ளங்களைத் தூரிகையால் தேய்த்துச் சோப்பு நீரில் கழுவி, பிறகே கிருமிநாசினியில் நனைத்தெடுங்கள். அதன் பின்னும் அந்தக் காலணியோடு கொட்டகைக்குள் நுழையாதீர்கள். அங்கு அணியத் தனி ரப்பர் பூட்ஸ் வைத்துக்கொள்ளுங்கள்.